குமிழி வராத ஒன்பது நொடி

கொல்லங்கோட்டுக்கும் பொழியூருக்கும் நடுவே தமிழ்நாடு-கேரள எல்லை எங்கே ஓடுகிறது என்று கரையில் நின்று பார்த்தால் தெரியாது. கடலுக்குள் கேட்கவே வேண்டாம். நீரோடியில் வீடு, பூவாறில் சம்பந்தம், விழிஞ்ஞத்தில் மீன் ஏலம் என்று வாழும் ஜனங்களுக்கு நடுவில் கோடு எதுவும் இல்லை. அந்தக் கரைக்கு வெளியே ஒரு பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், சிக்கிக் கிடந்த அறுந்த வலையை எடுக்கப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, என் பொறுப்பில் இருந்த ஒருவர் செத்துப்போயிருக்க வேண்டியவர், பிழைத்தார். இன்று நலமாக இருக்கிறார். அவர் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், நடந்ததை முழுதாக எழுதுகிறேன். முதுகில் காற்று சிலிண்டர் கட்டி முங்கும் ஸ்கூபாவில் சிறப்புத் திறன் சொல்லிக்கொடுக்கும் தமிழ் மாஸ்டர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்துப் போன பிறகு தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கம் எந்தப் பயிற்சிக்குக் கூப்பிட்டாலும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: "போற ஆளு திரும்பி வருமா?" வரும் என்று வாக்குக் கொடுத்துத்தான் நாங்கள் இந்தப் பயிற்சியையும் தொடங்கினோம்.

வேலை இதுதான். நைலான் நரம்பு வலை மக்குவதில்லை. பாரில் மாட்டினால் ஆளில்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே இருக்கும். நைலான் கடல்நீரை விடச் சற்றுக் கனம் என்பதால் பாறையோடு படிந்து கிடக்கும். மடிவலையின் பாலிஎத்திலீன் நூல் தண்ணீரை விட லேசு, அதனால் மேல்நோக்கி எழும்பி ஆடும். இரண்டும் ஒன்றாகப் பின்னிக் கிடந்தால் எது எங்கே கட்டியிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. கீழே இறங்கி, பாறையில் மாட்டிய இடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, சுருட்டிக் கட்டி, லிஃப்ட் பேக் என்கிற அடி திறந்த பையில் காற்றை நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். பைக்குள் போகும் ஒவ்வொரு லிட்டர் காற்றும் சுமார் ஒரு கிலோ பாரத்தைத் தூக்கும். பை மேலே போகப் போக அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் காற்று விரியும், வேகம் கூடும். ஒரு முறை கிளம்பிவிட்ட பையைக் கையால் பிடித்து நிறுத்தலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

பயிற்சிக்கு நான்கு பேர். தூத்தூர்ப் பக்கத்து இளைஞர்கள் இருவர், நாகர்கோவிலிலிருந்து கடல் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி, அப்புறம் நான் அண்ணன் என்று கூப்பிடும், பிழைத்த அந்த ஒருவர். எனக்கு உதவியாக பூவாறைச் சேர்ந்த டைவ்மாஸ்டர் ஒருவர். வள்ளத்தில் எஞ்சின் பிடிக்க ஒருவர், கயிறு பிடிக்க ஒருவர்.

அண்ணனுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. பன்னிரண்டு வயதிலிருந்து சிப்பி எடுப்பவர். இந்தக் கரையில் ஐப்பசி தொட்டு சித்திரை வரை சிப்பிக்காரர்கள் முங்குவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு கண்ணாடி, கையுறை, உளி, இடுப்பில் வலைப்பை, அவ்வளவுதான். ஒரே மூச்சில் எட்டு, பத்து மீட்டர் இறங்கி, அலை இழுப்பில் பாறையைப் பிடித்துத் தொங்கி, சிப்பியைப் பெயர்த்துப் பையில் போட்டு மேலே வருவார். நாங்கள் ஜி.பி.எஸ். பார்த்துத் தேடும் பாரை அவர் கரையிலிருக்கும் கோயில் கோபுரத்தையும் ஒரு தென்னந்தோப்பையும் கண்ணால் கோர்த்துப் பார்த்து "இங்க போடு நங்கூரத்த" என்பார். தவறவே தவறாது. இரண்டு மாதத்துக்கு முன்தான் ஸ்கூபாவின் அடிப்படைப் படிப்பையும் அடுத்த கட்டத்தையும் என்னிடமே முடித்திருந்தார்.

அந்த அனுபவத்துக்கு நான் கொடுத்த மரியாதையில்தான் முதல் தவறு ஒளிந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றைக்கு நடந்தது

மாசி மாதம், காலை ஏழே முக்கால். காற்று இல்லை. நீவாடு, அதாவது நீரோட்டம், மேற்கிலிருந்து மெதுவாக. ஆழம் 14 மீட்டர், கண்ணுக்கு ஆறு மீட்டர் வரை தெரிந்தது. கீழே போய்ப் பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இளைஞர்கள் ஒரு பக்கம் அறுத்தார்கள், அண்ணன் இன்னொரு பக்கம். வலையைச் சுருட்டிக் கயிறு போட்டோம். அதன் ஈயக்குண்டுகளையும் ஒட்டியிருந்த சிப்பியையும் சேர்த்தால் தண்ணீருக்குள் பன்னிரண்டு கிலோ இருக்கும் என்று கணித்தேன். 25 லிட்டர் பையை மாட்டி, என் உபரி ரெகுலேட்டரால், அதாவது சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவியால், காற்றை விட்டேன்.

பன்னிரண்டு லிட்டர் போனதும் வலைக்கட்டு அசைந்திருக்க வேண்டும். அசையவில்லை. கொஞ்சம் கூட்டினேன். அசையவில்லை. அறுத்ததில் கிளம்பிய தூசு எல்லாவற்றையும் மறைத்திருந்தது. பாறைக்குப் பின்னால் ஒரு நைலான் நரம்பு இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன். நரம்பு தெறித்தது.

கட்டு கிளம்பிய வேகத்தில் அதிலிருந்து தொங்கிய வலைக்கண் ஒன்று அண்ணனின் இடது ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) கொக்கியில் மாட்டியது. அவரைக் காலைப் பிடித்து, தலைகீழாக, மேலே தூக்கிக்கொண்டு போனது. அவர் கையில் கட்டியிருந்த, ஆழத்தையும் நேரத்தையும் பதியும் டைவ் கம்ப்யூட்டரின் பதிவை அப்புறம் பார்த்தேன்: 14 மீட்டரிலிருந்து 8 மீட்டருக்கு ஒன்பது நொடி. நிமிடத்துக்கு ஒன்பது மீட்டர் வேகத்தில் ஏற வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் போனது நாற்பது.

அந்த ஒன்பது நொடியும் அவர் வாயிலிருந்து ஒரு குமிழி கூட வரவில்லை.

இதை முதலில் பார்த்தது நானில்லை. நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவிதான் பார்த்தாள். கத்தியின் பிடியால் தன் சிலிண்டரைத் தட்டினாள். அந்தச் சத்தத்தில் திரும்பிய டைவ்மாஸ்டர் நேராக அண்ணனை நோக்கிப் போய், எட்டு மீட்டரில் அவருடைய ஜாக்கெட் (காற்றைக் கூட்டிக் குறைத்து மிதப்பை மாற்றும் உடுப்பு) வாரைப் பிடித்தார். தலைகீழாக இருப்பவரின் ஜாக்கெட்டிலிருந்து காற்றை வழக்கமான குழாய் வழியாக வெளியேற்ற முடியாது, காற்று இடுப்புப் பக்கம் போய்க் கூடிவிடும். அவர் பின்பக்கத்து அடி வால்வைப் பிடித்து இழுத்தார். அண்ணன் தன் காலில் கட்டியிருந்த பழைய கத்தியை உருவி வலைக்கண்ணை அறுத்தார். பை தனியாக மேலே போனது. டைவ்மாஸ்டர் அண்ணன் நெஞ்சில் உள்ளங்கையால் தட்டி, தன் வாயிலிருந்து பெரிதாகக் குமிழி விட்டுக் காட்டினார். அப்போதுதான் அண்ணன் மூச்சை விட்டார்.

அங்கே இருந்து இருவரும் மெதுவாக ஏறினார்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் வழக்கத்தை டைவ்மாஸ்டர் வேண்டுமென்றே விட்டுவிட்டார். அது சரியான முடிவு. பதினாலு மீட்டரில் டைவ் அட்டவணைப்படி ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தாலும் நிறுத்தமில்லாமல் ஏறலாம், நாங்கள் இருந்தது பதினோரு நிமிடம். நைட்ரஜனை நினைத்துப் பயப்பட அங்கே ஒன்றுமில்லை. நுரையீரல் கிழிந்திருக்குமோ என்பதுதான் பயம், அதற்கு மேலே போய் ஆக்சிஜன் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வள்ளத்தில் ஏற்றியதும் அண்ணன் இருமினார். நெஞ்சு கனமாக இருக்கிறது என்றார். மல்லாக்கப் படுக்க வைத்தோம். தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்தும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது, அது வேண்டாம், சமமாகப் படுக்க வைத்தால் போதும். ஆக்சிஜன் முகமூடி, நிமிடத்துக்கு 15 லிட்டர். எஞ்சின் பிடித்தவர் கேட்காமலே பெட்டியைத் திறந்து கொடுத்தார், ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலம் கரையில் அவரையே திறந்து மாட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். இருமலில் ரத்தம் வருகிறதா, குரல் மாறுகிறதா, கை கால் மரத்துப் போகிறதா, பேச்சு குழறுகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்தோம். மூளைக்குக் காற்றுக் குமிழி போயிருந்தால் பெரும்பாலும் மேலே வந்த பத்து நிமிடத்துக்குள் காட்டிவிடும். அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கப்போவதில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே, நரம்புப் பரிசோதனை, ஒரு ராத்திரி கண்காணிப்பு. நுரையீரல் சுத்தமாக இருந்தது. அழுத்த அறை தேவைப்பட்டிருந்தால் கொச்சியில் இருக்கும் கடற்படையைத்தான் கெஞ்சியிருக்க வேண்டும், சாலையில் 200 கிலோமீட்டருக்கு மேல்.

ஏன் மூச்சை அடக்கினார்?

மறுநாள் மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இழுத்தப்போ எனக்கு இந்தக் குழாய் வாயில இருக்குங்கிறதே ஞாபகம் இல்ல தம்பி. நான் பன்னிரண்டு வயசுப் பயலா ஆயிட்டேன். தண்ணிக்குள்ள வச்சு மூச்ச விட்டா அப்புறம் மேல வாறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

முப்பத்திரண்டு வருடம் அவர் உயிரைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான். சிப்பிக்காரர் தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு இறங்குகிறார். பத்து மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு, நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்குகிறது. மேலே வரும்போது பழைய அளவுக்கு விரிகிறது, அதற்கு மேல் ஒரு சொட்டும் விரியாது. அதனால் மூச்சை அடக்கி எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் மேலே வரலாம். ஸ்கூபாவில் ரெகுலேட்டர் அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. 14 மீட்டரில் அழுத்தம் 2.4 பார் (பார் இங்கே அழுத்த அலகு), 8 மீட்டரில் 1.8. ஆறு லிட்டர் காற்றோடு நெஞ்சை அடைத்துக்கொண்டு அந்த உயரத்துக்கு வந்தால் அது எட்டு லிட்டர் ஆகப் பார்க்கும். அந்த இரண்டு லிட்டருக்கு நெஞ்சில் இடமில்லை. நெஞ்சு நிறைய அடக்கினால் சுமார் 1.2 மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழியலாம் என்பது எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. அண்ணன் பிழைத்ததற்குக் காரணம், இழுப்பு வந்த நொடியில் அவர் பாதி மூச்சை ஏற்கெனவே வெளியே விட்டிருந்தார் என்பதாகத்தான் இருக்க வேண்டும். அதிர்ஷ்டம் என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதைத் தவிர வேறு சொல் கிடைக்கவில்லை.

"மூச்சை அடக்காதே" என்பது ஸ்கூபாவின் முதல் நாள் முதல் விதி. அண்ணனுக்கும் சொன்னேன். தேர்வில் சரியாக எழுதினார், கடலில் நிதானமாக இருக்கும்போது ஒழுங்காக மூச்சு விட்டார். அதைப் பார்த்துக் கற்றுவிட்டார் என்று முடிவு கட்டினேன். புதிதாக வரும் ஒரு கல்லூரிப் பையனுக்குப் பயத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற பழக்கமே இருக்காது, நான் கொடுப்பதுதான் அவனுக்கு முதல் பழக்கம். அண்ணனுக்கு ஏற்கெனவே ஒன்று இருந்தது, ஆழமாக, ஆயிரக்கணக்கான முங்கலில் அடித்து இறக்கப்பட்டது. நான் கொடுத்தது அதன் மேல் போட்ட மெல்லிய பூச்சு. கஷ்டம் வந்தபோது பூச்சு உரிந்தது. கைவசம் இருக்கும் பழக்கத்தை முதலில் கண்டுபிடிக்காமல் அதன் மேல் சிறப்புத் திறனைக் கட்டியது என் தவறு. அவர் கடலில் பிறந்தவர் என்ற மரியாதையில், மற்ற மூவருக்கும் வைத்த ஆழமில்லாத இடத்துப் பரிசோதனையை அவருக்கு மட்டும் சுருக்கிவிட்டேன். வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை கொடுப்பது நம் ஊர்ப் பழக்கம், நல்ல பழக்கம். ஆனால் அன்றைக்கு அது அவருக்கு நான் செய்த துரோகம்.

இன்னொன்று, கை சைகை. கட்டை விரலை உயர்த்தினால் டைவர்களுக்கு "மேலே போகிறேன்" என்று அர்த்தம். அண்ணனுக்கு "எல்லாம் நல்லா இருக்கு". முதல் வாரத்தில் இரண்டு முறை அதை மாற்றிக் காட்டினார். ஞாபகப்படுத்தினேன், சரி என்றார், அப்படியே விட்டுவிட்டேன். கஷ்டத்தில் வாய் பழைய பழக்கத்துக்குப் போகும் என்றால் கையும் போகும் என்று அன்றே தெரிந்திருக்க வேண்டும். பாடத்தில் நான் பயன்படுத்திய சொற்களும் அப்படித்தான். "நியூட்ரல் பாயன்சி" என்று நான் பத்து முறை சொன்னேன், அவர் பத்து முறை தலையாட்டினார். "மேலயும் போகாம கீழயும் தாழாம அந்தரத்துல நிக்கிறது" என்று மாணவி சொன்னதும் அரை மணி நேரத்தில் நின்று காட்டினார்.

மூன்றாவது, என் கை. பையில் காற்றை விட்டது நான். வேலை செய்கிற மாஸ்டருக்கு ஆட்களைப் பார்க்கக் கண் இருக்காது. நரம்பு பிடித்திருக்கிறதா என்று கட்டைச் சுற்றி நீந்திக் கையால் தடவிப் பார்த்திருக்க வேண்டும். கணித்த அளவுக்கு மேல் காற்று போயும் அசையவில்லை என்றால் எங்கேயோ பிடித்திருக்கிறது என்றுதான் பொருள், அதற்கு மேல் காற்று விடுவது வில்லை இழுத்து வைப்பது போல. இதை நான் மற்றவர்களுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறேன்.

புதுக் கருவி, புது வேலை, புது இடம் மூன்றையும் ஒரே முங்கலில் சேர்த்ததும் நான்தான். அமெரிக்காவின் மொன்டானாவில் மெக்டொனால்ட் ஏரியில் 2020 நவம்பர் 1 அன்று பயிற்சியின்போது 18 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள். தண்ணீர் புகாத டிரை சூட் போட்டிருந்தாள், அதற்குக் காற்று விடும் குழாய் இணைக்கப்படவே இல்லை. உடம்பில் சட்டென்று கழற்றிப் போட முடியாத ஈயம். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் கோபப்பட்டேன், இப்படியும் ஒருவர் இறக்குவாரா என்று. என் முங்கலின் பட்டியலை எழுதிப் பார்த்த பிறகு அந்தக் கோபத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை.

மாற்றியது

அதன் பிறகு பல மாதம் நாங்கள் வலை எடுக்கப் போகவில்லை. ஆனி, ஆடியில் கடலும் விடாது, கலங்கிக் கிடக்கும். டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, மழைக்காலம் முடிந்து, பாறை மறைப்பில் நாலு மீட்டர் ஆழமுள்ள ஒரு சின்னக் குடாவில் அண்ணனோடு முதலிலிருந்து தொடங்கினேன். அதற்கு முன்னால் அவர் காதையும் பார்க்கச் சொன்னேன். சிப்பிக்காரர்களில் செவிப்பறை கிழிந்து ஆறியவர்கள் நிறையப் பேர், ஓட்டை வழியாகக் குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் போனால் தலை சுற்றி எது மேல் எது கீழ் என்றே தெரியாது. அவருக்கு ஒரு காதில் பழைய தழும்பு இருந்தது, ஓட்டை இல்லை. முதல் படிப்பின் படிவத்தில் "காதுப் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருந்தார். காது வலி அந்தத் தொழிலில் பிரச்சினையாகவே எண்ணப்படுவதில்லை.

பயிற்சி எளிமையானது. தரையில் மண்டியிட்டுக் கல் பொறுக்கிப் பைக்குள் போட வேண்டும். எப்போது என்று சொல்லாமல் நான் பின்னால் வந்து ஃபின் வாரைப் பிடித்து இழுப்பேன். பக்கவாட்டில் மட்டும். மேல்நோக்கி இழுப்பதை யாரும் பயிற்சியாகச் செய்து பார்க்க வேண்டாம், நாலு மீட்டரிலேயே உயிர் போகும். இழுத்த இரண்டு நொடிக்குள் குமிழி வருகிறதா என்று டைவ்மாஸ்டர் எதிரில் இருந்து எண்ணுவார். முதல் நாள் பத்து இழுப்பில் ஏழு முறை அண்ணன் மூச்சை அடக்கினார். அந்த ஏழைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது, ஏனென்றால் இது முன்பும் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ரெகுலேட்டருக்குள்ளேயே "ம்ம்ம்" என்று ராகம் போடச் சொன்னேன். குரல் வந்தால் தொண்டை திறந்திருக்கும், காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கும். மூன்றாம் நாளிலிருந்து மாதா கோயில் பாட்டு ஒன்றை முனக ஆரம்பித்தார். ஆறாம் நாள் பத்தில் ஒன்று. எட்டாம் நாள் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு நாள் கூடுதலாகச் செய்தோம்.

அப்புறம்தான் பை. குடாவிலேயே மண் மூட்டையும் கயிறும் வைத்து. காற்றை விடுவது பயிற்சி எடுப்பவர், பக்கத்தில் இருந்து, கட்டுக்கு மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல். மாஸ்டர் கையில் எதுவும் இருக்காது. விடுவதற்கு முன் ஒருவர் கட்டைச் சுற்றி முழு வட்டம் தடவி வருவார், மற்றவர்கள் நீவாட்டுக்கு மேல்பக்கம் இரண்டு ஆள் நீளம் விலகி நிற்பார்கள். கணித்த அளவில் எழும்பாவிட்டால் காற்றை இறக்கிவிட்டுத் திரும்பத் தேட வேண்டும். ஃபின் கொக்கி, உபரிக் குழாய், காற்றின் அளவு காட்டும் கேஜ் எல்லாம் நாடாவால் மூடப்பட்டிருக்க வேண்டும். ஒரு மாஸ்டருக்கு இரண்டே பேர். இது செலவைக் கூட்டுகிறது, வள்ளத்துக்கு மண்ணெண்ணெயும் இரண்டு மடங்கு, பணம் கொடுப்பவர்கள் கேட்கிறார்கள். நான் குறைப்பதாக இல்லை.

தலைகீழ் நிலையையும் சேர்த்தோம். காலை மேலே தூக்கிப் பிடித்து, பின்பக்க வால்வைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடி இழுக்க வேண்டும். இதை எந்த அடிப்படைப் படிப்பிலும் நான் அழுத்திச் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

சைகைகளை அண்ணனும் இளைஞர்களும் சேர்ந்து திருத்தினார்கள். மேலே போக வேண்டும் என்றால் கட்டை விரலோடு கையையே இரண்டு முறை மேலே தள்ள வேண்டும். சிக்கிக்கொண்டேன் என்பதற்குச் சிப்பிக்காரர்கள் கயிற்றை மூன்று முறை வெட்டி இழுக்கும் பழைய வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம், கயிறு இல்லாதபோது சிலிண்டரை மூன்று தட்டு. அன்றைக்கு மாணவி தட்டியதும் மூன்று முறைதான் என்று அவள் சொல்கிறாள்.

தை பிறந்து இரண்டாம் வாரம் அதே பாருக்குத் திரும்பிப் போனோம். பாறைக்குப் பின்னால் தெறித்துப்போன நரம்பின் மிச்சம் ஒரு முழம் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைச் சுற்றித் தடவி, அடியில் இன்னும் இரண்டு இழை இருப்பதை எனக்குக் காட்டினார். எங்கள் கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்திருந்தேன். அதை இடுப்பில் செருகிக்கொண்டு, காலிலிருந்து தன் கத்தியை எடுத்து அறுத்தார். முனகல் எனக்குக் கேட்டது.